தண்ணீரைப் பழுப்பாக்கிக் காட்டி ஆர்.ஓ. மெஷின் விற்கிறார்கள்: வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள்

சென்னையில் வீடு வீடாக வந்து "தண்ணி டெஸ்ட் இலவசம்" என்று சொல்லி ஆர்.ஓ. மெஷின் (தண்ணீரில் கரைந்த உப்பை வடிகட்டும் சுத்திகரிப்பு மெஷின்) விற்கிறவர்களைப் பற்றிய பதிவு இது. கொளத்தூரில் எங்கள் வீட்டுக்கு அப்படி வந்த ஒருவர் அம்மாவிடம் 19,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போனார். பணத்தைக்கூட விட்டுவிடலாம். இத்தனை வருஷமாகப் பேத்திக்கு விஷத் தண்ணீரைக் கொடுத்துவிட்டேனே என்று அம்மா அழுததைத்தான் என்னால் விட முடியவில்லை. அவர் செய்து காட்டிய சோதனை முழுப் பொய். அது எப்படிப் பொய் என்று தெரிந்துவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் குடியிருப்பில் குளிக்க, துவைக்க போர் தண்ணீர். குடிக்க, சமைக்க மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் குழாய்த் தண்ணீர். அது தரைக்கடியில் இருக்கும் சம்ப்பில் விழுந்து தனி டேங்குக்கு ஏறும். அந்த வாரம் தெருவில் எங்கோ பைப் உடைந்து குழாய்த் தண்ணீரில் சாக்கடை நாற்றம் வந்திருந்தது. எல்லார் வீட்டிலும் அதே பேச்சு. சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் அந்த ஆள் வந்தார். கழுத்தில் அட்டை, கையில் பெட்டி. "வாட்டர் செக்கிங்மா, இந்தத் தெருவுல கம்ப்ளைன்ட் வந்திருக்கு" என்றார். மெட்ரோ வாட்டரிலிருந்து வருகிறேன் என்று அவர் வாயால் சொல்லவே இல்லை, அம்மா அப்படி நினைத்துக்கொள்ளும்படி பேசினார். "ஆமா தம்பி, நாலு நாளா ஒரே நாத்தம்" என்று அம்மாவும் உள்ளே விட்டுவிட்டார். நானும் அண்ணனும் வேலைக்குப் போயிருந்தோம். அண்ணி சமையலறையில் இருந்தார்.

இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்டிருக்கிறார். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில் அவர் பாட்டிலில் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். இரண்டும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருந்தன. முதலில் பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது) விட்டுக் காட்டினார். எங்கள் தண்ணீர் முந்நூறுக்குப் பக்கத்தில், அவருடையது இருபதுக்குள். "பாருங்கம்மா, முந்நூறு அழுக்கு!" அடுத்து பெட்டியைத் திறந்து, கம்பிகள் தொங்கும் ஒரு கருவியை இரண்டு டம்ளருக்கும் மேலே வைத்து பிளக்கில் சொருகினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, எங்கள் டம்ளரில் பச்சையும் பழுப்புமாகக் குழம்பிக்கொண்டு வந்து, மேலே நுரையும் கீழே சேறும் கட்டிவிட்டது. அவருடைய டம்ளரில் லேசான மஞ்சள், அவ்வளவுதான். உடனே பையிலிருந்து ஒரு வண்ண அட்டை வெளியே வந்தது. பச்சை என்றால் இந்த விஷம், வெள்ளை என்றால் அந்த விஷம், பழுப்பு என்றால் சிறுநீரகம் போகும் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு நோய் அதில் அச்சடித்திருக்கிறது. "இதைத்தான் பாப்பா தினம் குடிக்குதும்மா" என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்திருக்கிறார்.

அதற்கப்புறம் விற்பது ஒரு வேலையா? 32,000 ரூபாய் மெஷின், ஸ்கீமில் இன்றைக்கு மட்டும் 19,500. அண்ணி போனில் 5,000 அனுப்பினார். மாலைக்குள் மாட்டிவிட்டு மீதியைப் பணமாக வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். கொடுத்த சீட்டில் "எஸ்டிமேட்" என்றுதான் இருந்தது, ஜி.எஸ்.டி. எண் கிடையாது.

இப்போது அந்தச் சோதனைக்கு வருகிறேன். கருவியில் தொங்குவது இரண்டு வகைக் கம்பி, இரும்பும் அலுமினியமும். அவற்றில் மின்சாரம் பாய்ந்தால் இரும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து தண்ணீரில் இறங்கும். இறங்கின இரும்பு தண்ணீரோடு வினைபுரிந்து முதலில் பச்சையாகவும், காற்று பட்டதும் துருவின் பழுப்பாகவும் திரியும். அலுமினியப் பக்கத்திலிருந்து வெள்ளையாகத் திரி திரியாக வரும். ஆக, டம்ளரில் தெரியும் சேறு அவருடைய கம்பியிலிருந்து வந்தது. நம் குழாயிலிருந்து வந்தது இல்லை. பல வீட்டுக்குப் போய்வந்த கருவியில் அந்த இரும்புக் கம்பியைப் பாருங்கள், அரித்துப் போயிருக்கும்.

சரி, அவருடைய தண்ணீர் மட்டும் ஏன் மாறவில்லை? தண்ணீர் வழியாக மின்சாரம் பாய வேண்டுமென்றால் அதில் கரைந்த உப்புகள் வேண்டும். கால்சியம், மெக்னீசியம், சோடியம் மாதிரி சாதாரண உப்புகள். ஆர்.ஓ. தண்ணீரில் அவை கிட்டத்தட்ட இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாய்வதில்லை, கம்பி அவ்வளவாகக் கரைவதில்லை, நிறமும் பெரிதாக வருவதில்லை. இளநீரை ஊற்றி இதே கருவியை வைத்தாலும் சேறுதான் வரும். அதற்காக இளநீரை விஷம் என்று சொல்லிவிட முடியுமா?

எங்கள் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்தான் இதைச் செய்தே காட்டினார். அந்தப் புது மெஷினிலிருந்தே ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தார். இரண்டு இரும்பு ஆணியை, ஒன்றையொன்று தொடாமல் அதில் விட்டு, 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒயரால் இணைத்தார். வெகுநேரம் வைத்தும் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. பிறகு அதே டம்ளரில் அரை ஸ்பூன் சமையல் உப்பைப் போட்டுக் கலக்கினார். ஆணியிலிருந்து குமிழி கிளம்பியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே டம்ளர் முழுக்கக் கலங்கி அதே பழுப்புச் சேறு வந்தது. அம்மா பக்கத்திலேயே நின்று பார்த்தார். நான் எவ்வளவு விளக்கியும் போகாத பயம் அன்றைக்குத்தான் போனது. நீங்களும் செய்து பார்க்கலாம், ஆனால் பேட்டரி மட்டும்தான், வீட்டு பிளக்கில் எதையும் சொருகிவிடாதீர்கள். அந்தத் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு யாராவது இந்தக் கருவியோடு வந்தால் ஒன்று மட்டும் கேளுங்கள்: "உங்க ஆர்.ஓ. தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டு, அதையே திரும்பச் செஞ்சு காட்டுங்க." இந்த விவரம் தெரிந்த வீட்டில் அவர் பெட்டியைத் திறக்கவே மாட்டார்.

டி.டி.எஸ். மீட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் காட்டுகிற எண் நிஜம், அதற்குச் சொல்லும் அர்த்தம்தான் பொய். அந்த மீட்டர், தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை வைத்து, மொத்தம் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று தோராயமாகக் கணக்குப் போடுகிறது. எந்த உப்பு என்றுகூட அதற்குத் தெரியாது. கிருமியைப் பற்றி அது எதுவுமே சொல்லாது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை டி.டி.எஸ். இருப்பதை ஏற்கிறது. வேறு தண்ணீருக்கு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை அனுமதிக்கிறது. எங்கள் முந்நூறு அந்த அளவுக்குள் நன்றாகவே அடங்கும். மொட்டைமாடியில் விழுந்த மழைத்தண்ணீரைப் பிடித்து மீட்டரை விட்டுப் பாருங்கள், மிகக் குறைவாகத்தான் காட்டும். காக்கை எச்சம் கலந்திருந்தாலும் அப்படித்தான் காட்டும்.

எனக்கு அதிகக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். அந்த வாரம் எங்கள் தெருவில் நிஜமாகவே ஒரு ஆபத்து இருந்தது. மெட்ரோ வாட்டர் நாள் முழுக்க வருவதில்லை. விட்டு விட்டு வரும்போது பைப் காலியாகும் நேரத்தில், விரிசல் இருந்தால் பக்கத்தில் தேங்கும் கழிவுநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வயிற்றுப்போக்கும் டைபாய்டும் மஞ்சள் காமாலையும் வருவது அந்த வழியாகத்தான். அதைப் பற்றி இந்த ஆள் வாயே திறக்கவில்லை. உப்பைக் காட்டி பயமுறுத்தினார். நாற்றம் வந்தால் செய்ய வேண்டியது குடிநீர் வாரியத்துக்கு 1916 எண்ணில் புகார் கொடுப்பது, சரியாகும் வரை குழாய்த் தண்ணீரைக் குடிக்காமல் இருப்பது, சம்ப்பைக் காலி செய்து கழுவி பிளீச்சிங் பவுடர் போடுவது. சாதாரண நாட்களில், தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு ஒரு நிமிஷம் வைத்தாலே கிருமிகள் செத்துவிடும். குழாயில் லேசாக குளோரின் வாசனை வந்தால் பயப்பட வேண்டாம். கடைசி வீடு வரைக்கும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பதே விதி.

ஆர்.ஓ. யாருக்கும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடலோரத்தில் போர் தண்ணீரில் உப்பு ஏறி, சோப்பு நுரைக்காமல், வாயில் வைக்க முடியாமல் இருக்கும் வீடுகள் இருக்கின்றன. அங்கே அது தேவை. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியது ஆய்வகத்தின் அறிக்கை. கிண்டியில் கிங் நோய்த்தடுப்பு நிலையத்தில் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகம் இருக்கிறது. மாவட்டங்களில் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்கள் இருக்கின்றன. ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை, ஈ.கோலி (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் கிருமி) எல்லாம் அங்கே பார்க்க முடியும். கிருமிச் சோதனைக்கு வீட்டுப் பாட்டிலில் கொண்டுபோகக் கூடாது. கிருமி நீக்கிய பாட்டிலில் பிடித்து, ஐஸ் வைத்து, சீக்கிரம் சேர்க்க வேண்டும். எப்படி எடுப்பது என்று அவர்களிடமே முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேவையில்லாத வீட்டில் இந்த மெஷின் செய்யும் இன்னொரு கெடுதல், வீணாகும் தண்ணீர். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் சிங்க்கில் போகிறது. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த ஊர் இது. லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்ற அம்மாவுக்கு, அந்த வேஸ்ட் குழாயைப் பார்க்கவே பொறுக்கவில்லை, அடியில் பக்கெட் வைத்துப் பிடித்துப் பாத்திரம் கழுவினார். அதே 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் குறைவாக இருக்கும் இடங்களில் ஆர்.ஓ. மெஷினைத் தடை செய்யும்படி சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டது. விற்க வந்தவர் இதையெல்லாம் சொல்வாரா?

மெஷின் கதை சில மாதத்திலேயே முடிந்தது. தண்ணீர் சொட்டுச் சொட்டாக வர ஆரம்பித்தது. சீட்டிலிருந்த எண்ணுக்குப் போன் செய்ததும் வேறொரு ஆள் வந்து, "உங்க தண்ணி மோசம், மெம்பிரேன் போயிடுச்சு, 4,200 ஆகும், வருஷ கான்ட்ராக்ட் போட்டா குறைச்சுக்கலாம்" என்றார். மெம்பிரேன் என்பது உள்ளே உப்பை வடிகட்டும் சவ்வு. கொடுக்கவில்லை. எங்கள் தெரு மெக்கானிக்கைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னோம். உள்ளே பம்ப், மெம்பிரேன், ஃபில்டர் எதிலும் கம்பெனி பெயரே இல்லை. மொத்தக் கடையில் உதிரியாக வாங்கிக் கோர்த்து, வெளியே மட்டும் பளபளப்பாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். கிருமியைக் கொல்லும் யு.வி. (புற ஊதா) லைட் என்று சொன்னது வெறும் நீல விளக்கு. உள்ளே இருக்கும் கார்பன் ஃபில்டர் குளோரினை எடுத்துவிடும் என்பதால், சர்வீஸ் இல்லாமல் கிடந்தால் அதன் டேங்கிலேயே கிருமி வளரும் என்று அந்த மெக்கானிக் சொன்னார். நாங்கள் கழற்றி வைத்துவிட்டோம்.

அதற்குப் பின் அந்த எண் எடுக்கப்படவில்லை. சீட்டிலிருந்த முகவரியில் அப்படி ஒரு அலுவலகமே இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தோம். 5,000 ரூபாய் போனில் அனுப்பியதால் அந்தக் கணக்கின் பெயர் கிடைத்தது, அதுதான் எங்கள் கையில் இருக்கும் ஒரே உறுதியான ஆதாரம். அதை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறோம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் கொடுக்கலாம், இணையத்திலும் பதியலாம். விசாரணைக்குத் தேதி இன்னும் வரவில்லை.

குடிநீர் வாரியம் எந்த மெஷினையும் வீடு வீடாக விற்பதில்லை. இதை உங்கள் வீட்டில் பகலில் தனியாக இருப்பவர்களிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். பணம் கொடுக்கத்தான் வேண்டுமென்றால் ஜி.எஸ்.டி. எண்ணுள்ள பில்லும் எழுத்தில் வாரண்டியும் இல்லாமல் கொடுக்காதீர்கள், ரொக்கமாகவும் கொடுக்காதீர்கள். கொளத்தூர், பெரவள்ளூர், வில்லிவாக்கம் பக்கம் இதே மாதிரி கம்பிப் பெட்டியோடு வந்து உங்கள் வீட்டிலும் மாட்டிவிட்டுப் போயிருந்தால் அந்த எஸ்டிமேட் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். மெஷினைத் திறந்து உள்பாகங்களைப் படம் எடுத்து வையுங்கள். பணம் அனுப்பிய விவரத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு 1915-இல் நீங்களும் புகார் பதியுங்கள்.