அல்சூர் ஃபைபர் லைன்: வேகம் இருக்கு, பழுது சொல்லத்தான் தெரியணும்

பெங்களூரு அல்சூர் சந்துகளில் உள்ளூர் கேபிள்காரர் கொடுக்கும் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு பற்றியது இது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. லைன் போட வருபவர்கள் தமிழிலும் கன்னடத்திலும் பொறுமையாகப் பேசுகிறார்கள். சொல்லும் மாதக் கட்டணத்தோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதை மட்டும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

சிக்கல் பழுது சொல்லும் இடத்தில். நெட், லைன், மோடம் எது நின்றாலும் "வைஃபை வரலண்ணா" என்றுதான் போன் போகிறது. அந்தப் பக்கமும் "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்று வைத்துவிடுகிறார்கள். ஒரு நாள் வீண்.

மோடம் பெட்டியின் விளக்குகளைப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். எல்ஓஎஸ் (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளியே வரவில்லை. எத்தனை முறை ஆஃப் செய்தாலும் பலனில்லை. பின்னால் வரும் மெல்லிய வயர் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா பாருங்கள். உள்ளே இருப்பது கண்ணாடி இழை, இறுக்கமாக மடங்கினால் ஒளி அந்த வளைவிலேயே கசிந்துவிடும். நுனியைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது, வருவது லேசர். மடிப்பு இல்லையென்றால் "எல்ஓஎஸ் சிவப்பு" என்று சொல்லுங்கள். இழையை ஒட்டும் ஸ்ப்ளைசிங் மெஷினோடு ஆள் வரவேண்டிய வேலையாக இருக்கலாம் என்பது அந்த இரண்டு வார்த்தையிலேயே அவர்களுக்குப் புரிந்துவிடும்.

எல்ஓஎஸ் அணைந்து, ஃபைபர் இணைப்பைக் காட்டும் பான் (PON) விளக்கு அசையாமல் பச்சையாக இருந்தால் லைன் நலம். லேப்டாப்பில் லேன் வயரைச் செருகுங்கள். அதில் ஓடினால் கோளாறு வைஃபையில். அதிலும் வரவில்லையென்றால் ரீசார்ஜ் முடிந்திருக்கலாம், இல்லை அவர்கள் பக்கத்துக் கோளாறு.

இந்தப் பெட்டிகள் பலவற்றில் நான்கு லேன் போர்ட்டில் ஒன்றுதான் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை போகும்; மற்றவை 100 வரைதான். மற்றவற்றில் செருகினால் ஸ்பீட் டெஸ்ட் 94, 95-இல் நின்றுவிடும். "200-க்குப் பணம் வாங்கிட்டு ஏமாத்துறாங்க" என்ற புகார் பலதும் இங்கேதான் பிறக்கிறது.

வைஃபை பெயரின் கடைசியில் வரும் "5ஜி"க்கும் போன் சிம்மின் 5ஜிக்கும் சம்பந்தமே இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ் அலை. ஹாலில் பறக்கும், இரண்டு சுவர் தாண்டினால் தளர்ந்துவிடும். உள்ளறைக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை எடுக்கும். ஆனால் வீடுகள் ஒட்டியிருக்கும் தெருவில் அதில் நெரிசல் அதிகம். சேனலை 1, 6, 11 மூன்றில் காலியாக இருப்பதற்கு மாற்றித் தரச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

கரண்ட் போனால் பெட்டியும் அணையும். மினி யூபிஎஸ் வாங்கும் முன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட், ஆம்ப் இரண்டையும் போட்டோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.