வைரம் அசல்தான், நிறம்தான் பொய்: பிங்க் வைர மோதிரம் வாங்கி நான் ஏமாந்தது

நிச்சயதார்த்தத்துக்கு நிறமுள்ள வைரத்தில் மோதிரம் வாங்க நினைப்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். 1,85,000 ரூபாய் கொடுத்து நான் வாங்கிய பிங்க் வைரம் பதினோரு நாளில் வெளுத்துப்போனது. அது கண்ணாடிக் கல் இல்லை, பூமியிலிருந்து எடுத்த வைரமேதான். அதனால்தான் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எனக்குக் கோவை. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம். நிச்சயத்தன்று மோதிரம் மாற்றிக்கொள்வது என்று இரண்டு வீட்டிலும் முடிவானது. எனக்குப் பேசிய பெண்ணுக்கு பிங்க் நிறம் என்றால் உயிர் என்று அவளுடைய தங்கை சொன்னாள். வெள்ளை வைரம் எல்லாரும் போடுகிறார்கள், அவளுக்கென்று ஒன்று தனியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த ஆசையில் இப்போதும் எனக்குத் தவறு எதுவும் தெரியவில்லை.

சொந்தக்காரர் ஒருவர் மூலமாக ஒரு வைர வியாபாரியிடம் போனேன். மாடியில் ஒரு ஏசி அறை, மேஜை மேல் மஞ்சளாக எரியும் விளக்குகள். மோதிரம் ரோஸ் கோல்டில் செய்து கல்லும் பதித்துத் தயாராக இருந்தது. 51 சென்ட், அதாவது அரை கேரட்டுக்குச் சற்று மேல். கல்லைத் தனியாகப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். "பதிச்ச கல்லைக் கழட்டினா பிடி தளர்ந்துடும் சார்" என்றார். சரி என்று விட்டுவிட்டேன். நான் செய்த முதல் தவறு அது.

அப்புறம் அவர் சொன்னது: "ஆஸ்திரேலியாவுல ஆர்கைல் சுரங்கத்தை மூடிட்டாங்க சார். இனிமே பிங்க் கிடைக்கவே கிடைக்காது." அங்கேயே போனில் தேடிப் பார்த்தேன். நிஜம்தான். உலகச் சந்தைக்கு வந்த பிங்க் வைரங்களில் 90 சதவீதத்துக்கும் மேல் மேற்கு ஆஸ்திரேலியாவில் இருந்த அந்த ஒரே சுரங்கத்திலிருந்துதான் வந்தன. 2020 நவம்பரில் அதை மூடிவிட்டார்கள். ஒன்றைச் சரிபார்த்தேன், அது உண்மையாக இருந்தது, அதனால் மற்றதையும் நம்பினேன். அவ்வளவு அரிய கல் எனக்கு மட்டும் எப்படி இந்த விலைக்குக் கிடைக்கிறது என்று யோசித்திருக்க வேண்டும். இயற்கையிலேயே அந்த அளவுக்கு அழுத்தமான பிங்க், அரை கேரட்டில், நான் கொடுத்ததைப் போலப் பல மடங்கு விலை.

நம்புவதற்கு அவர் இன்னும் இரண்டு விஷயங்களைக் காட்டினார். ஒன்று, பேனா மாதிரி இருக்கும் டெஸ்டர். கல்லின் மேல் வைத்ததும் பீப் அடித்தது, "டைமண்ட்" என்று காட்டியது. இன்னொன்று ஹால்மார்க். மோதிரத்தில் 750 என்றும் ஒவ்வொரு நகைக்கும் தனியாகத் தரும் ஆறு எழுத்து எச்யூஐடி அடையாள எண்ணும் பொறித்திருந்தது. ஹால்மார்க்கைச் சரிபார்க்கும் அரசின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. நிம்மதியாகிவிட்டேன்.

ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான். இது 18 கேரட் தங்கம் என்பதற்கு அது உத்தரவாதம், கல்லைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லாது. டெஸ்டரும் அப்படித்தான். கல்லில் சூடு எவ்வளவு வேகமாகக் கடக்கிறது என்பதை மட்டும் அது அளக்கிறது. சாயம் பூசிய வைரத்துக்கும் பீப் அடிக்கும், ஆய்வகத்தில் வளர்த்த வைரத்துக்கும் அடிக்கும்.

நிச்சயம் நன்றாக நடந்தது. மோதிரம் அவள் விரலுக்குக் கொஞ்சம் பெரிது. மறுவாரம் எங்கள் வீட்டுக்கு மூன்று தலைமுறையாக நகை செய்துதரும் ஆசாரியிடம் அளவு குறைக்கக் கொடுத்தேன். வளையத்தின் அடியில் வெட்டி, பொடி வைத்து ஊதி ஒட்டினார். ஒட்டிய இடம் கருத்திருக்கும் இல்லையா, அதைப் போக்க அமிலக் கரைசலில் போட்டு எடுத்தார். சாயங்காலம் போன் வந்தது. "கண்ணு, கொஞ்சம் நேர்ல வா" என்றார். குரலே சரியில்லை.

போய்ப் பார்த்தால் கல்லில் பாதி வெள்ளை. ஓரத்தில் திட்டுத் திட்டாக பிங்க் ஒட்டிக்கொண்டிருந்தது, சுவரில் பெயின்ட் உரிந்ததுபோல. எனக்குத் தலை சுற்றியது. அந்தப் பெரியவரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். கல்லை மாற்றிவிட்டீர்களா என்றுகூடக் கேட்டேன். அவர் கை நடுங்கியது. "கல்லு மேல நெருப்பே படல கண்ணு, ஈரத்துணி சுத்தித்தான் ஊதினேன். கல்லோட நிறம்னா இப்படிப் போகாது" என்று மட்டும் சொன்னார். நான் கேட்ட அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

ஆசாரி சொன்னதுதான் சரி. கல்லை மோதிரத்திலிருந்து கழற்றி ரத்தினப் பரிசோதனை செய்யும் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். பதில் வந்தது: இயற்கை வைரம், நிறம் மேற்பூச்சால் வந்தது. கல்லின் அடிப்பக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய படலம் பூசியிருக்கிறார்கள். மேலிருந்து பார்த்தால் ஒளி அடியில் பட்டுத் திரும்பி வரும்போது கல் முழுவதுமே பிங்காகத் தெரியும். திருப்பிப் பிடித்து லென்ஸில் பார்த்தால் பட்டைகள் சேரும் விளிம்புகளில் பூச்சு விட்டுப்போன புள்ளிகள், கீறல்கள், எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவது போன்ற வானவில் பளபளப்பு. பதித்த பிறகு இதெல்லாம் உள்ளே மறைந்துவிடும். ஏன் தனியாகக் காட்ட மறுத்தார் என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. இந்தப் பூச்சு அமிலத்துக்கு நிற்காது, பாலிஷ் போடும்போது நிற்காது, ஆசாரியின் சூட்டுக்கும் நிற்காது.

இயற்கை நிறம் கல்லுக்குள்ளேயே இருப்பது. மஞ்சள் நைட்ரஜனால் வருகிறது, நீலம் போரானால். பச்சை, பூமிக்குள் இருந்த இயற்கைக் கதிர்வீச்சு பட்டதால். பிங்க்குக்கு அப்படிச் சேர்மானம் காரணம் இல்லை. பூமியின் ஆழத்தில் அழுத்தத்தில் படிகத்தின் அமைப்பே வளைந்து நெளிந்ததால் வருவது என்கிறார்கள். கழுவினால் போகிற சமாசாரமே இல்லை.

மேற்பூச்சு மட்டும்தான் வழி என்று நினைக்காதீர்கள். கதிர்வீச்சு கொடுத்து நீலம், பச்சை, மஞ்சள் எல்லாம் வரவைக்கிறார்கள். அந்தக் கல்லை ரிப்பேருக்காக நேராகச் சூடு காட்டினால் நிறம் மாறக்கூடும். அதிக அழுத்தத்தில், அதிக வெப்பத்தில் வைத்தும் நிறத்தை மாற்றுகிறார்கள். ஆய்வகத்தில் வளர்த்த மஞ்சள், பிங்க் வைரங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. இவற்றை வாங்குவதில் தப்பே இல்லை. என்ன என்று சொல்லி, அதற்குரிய விலைக்குக் கொடுத்தால் நானே வாங்கியிருப்பேன். சொல்லாமல் விற்றதுதான் அநியாயம்.

எனக்குக் கொடுத்த சான்றிதழில் "நேச்சுரல் டைமண்ட்" என்று இருந்தது. அதைப் பார்த்ததும் எல்லாம் இயற்கை என்று எடுத்துக்கொண்டேன். அந்த வார்த்தை கல்லுக்கு மட்டும். நிறம் எங்கிருந்து வந்தது என்று அந்த அட்டையில் வரியே கிடையாது. வைரங்களைப் பரிசோதித்துத் தரம் சொல்லும் ஜிஐஏ என்ற அமெரிக்க நிறுவனம் நிறமுள்ள வைரத்துக்குத் தரும் அறிக்கையில் நிறத்துக்குக் கீழே "ஆரிஜின்" என்று தனியாக ஒரு வரி இருக்கும். அதில் "நேச்சுரல்" என்று இருக்கிறதா என்று பாருங்கள். அறிக்கை எண்ணை ஜிஐஏ தளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள், விற்பவர் போனில் காட்டுவதை நம்ப வேண்டாம். பில்லிலும் "இயற்கை வைரம், இயற்கை நிறம்" என்று இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். என் பில்லில் "பிங்க் டயா 0.51" என்று மட்டும்தான் இருந்தது.

மஞ்சள் வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெள்ளை வைரத்தின் நிறத்தை டி முதல் இசட் வரை தரம் பிரிக்கிறார்கள். இசட்டை ஒட்டிய கல் வெளிர் மஞ்சளாக இருக்கும், ஆனால் அது "ஃபேன்ஸி" மஞ்சள் ஆகாது. இசட்டையும் தாண்டிய நிறத்துக்குத்தான் ஃபேன்ஸி, ஃபேன்ஸி இன்டென்ஸ், ஃபேன்ஸி விவிட் என்ற பெயர்கள். வெளிர் கல்லை மஞ்சள் தங்கத்தில், பின்பக்கம் மூடிப் பதித்தால் இன்னும் அழுத்தமாகத் தெரியும். கல்லைத் தனியாக, வெள்ளைத் தாளின் மேல், ஜன்னல் ஓரத்துப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

அறிக்கையை எடுத்துக்கொண்டு வியாபாரியிடம் போனேன். "நெருப்புல காட்டினா எந்தக் கல்லும் மாறும் சார், உங்க ஆசாரி கெடுத்துட்டார்" என்றார். அறிக்கையைக் காட்டியதும் பேச்சு மாறியது. வேறு கல் தருகிறேன், 20 சதவீதம் கழித்துக்கொள்கிறேன் என்றார். அறிமுகப்படுத்திய சொந்தக்காரர் பிரச்சினை வேண்டாம் என்று கெஞ்சினார். நான் ஒப்புக்கொள்ளவில்லை.

1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். வியாபாரியிடமிருந்து பதில் இல்லை. இப்போது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கல் இருந்தால் பில், அட்டை, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

கல் இப்போது ஆய்வகத்தின் முத்திரையோடு கவருக்குள் இருக்கிறது. நடந்ததையெல்லாம் அவளிடம் சொன்னேன். "முதல்ல ஆசாரிகிட்ட போய் மன்னிப்புக் கேளுங்க" என்றாள். இரண்டு பேருமாகப் போனோம். அளவு குறைத்ததற்கான கூலியை அன்றைக்கும் அவர் வாங்கவில்லை.