நாலுமுக்கு மழைக்குத் தாங்கிய கம்பூட்ஸ்

வால்பாறைப் பக்கம் தேயிலைத் தோட்ட வேலைக்குப் போயிருக்கும் என் சித்தி மகள் போனில் கேட்டாள்: "எக்கா, கம்பூட்ஸ் எது வாங்க? கடையில நாலஞ்சு தினுசு தொங்குது." கம்பூட்ஸ் என்றால் மழைக்கும் சேற்றுக்கும் போடுகிற முழங்கால் உயர பூட்ஸ். அவளிடம் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மலையில் குடியிருக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

நான் பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி மாவட்டத்து மலையில், நாலுமுக்கு எஸ்டேட்டின் லயன் வீட்டில், அதாவது தொழிலாளர்களுக்கான வரிசை வீட்டில். 2024-ல் தோட்ட வேலை நிற்கும்வரை அங்கேதான் கொழுந்து பறித்தேன். மணிமுத்தாறு அணையைத் தாண்டி மேலே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, அப்புறம் நாலுமுக்கு, ஊத்து, கடைசியில் குதிரைவெட்டி. கீழே அம்பாசமுத்திரத்தில் ஆனி மாதக் காற்று புழுதியை வாரி அடிக்கும்போது மேலே தென்மேற்கு மழை பெய்துகொண்டிருக்கும். அது விட்டுத் துணி காயத் தொடங்கும்போதே ஐப்பசி மழை பிடித்துக்கொள்ளும். மழைச் செய்தியில் ஊத்து, நாலுமுக்கு பெயர் முதலில் வருவது டிவி பார்ப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த மழையில் வேலைக்கு நிற்கிற காலுக்கு எது சரி என்பதுதான் பேச்சு.

கடையில் பார்க்க எல்லாக் கம்பூட்ஸும் கருப்பாக, பளபளவென்று ஒரே மாதிரி இருக்கும். ஆனால் அதில் இரண்டு சாதி. ஒன்று பிவிசி என்கிற பிளாஸ்டிக், இன்னொன்று இயற்கை ரப்பர். பிவிசி விலை குறைவு, கழுவுவது சுலபம், எண்ணெய் பட்டாலும் ஒன்றும் ஆகாது. கீழே வயலுக்கும் மாட்டுத் தொழுவத்துக்கும் அது போதும். மலைக்கு ஆகாது. மார்கழிக் குளிரில் விறைத்துப்போகும். சரிவில் நிற்கும்போது நாம் முன்பாதத்தில்தான் பாரம் வைக்கிறோம். விரல் மடியும் இடத்தில் ஒரு கோடு விழும். முதலில் தலைமுடி மாதிரி வெள்ளையாகத் தெரியும். ஒரு மழைக்காலத்துக்குள் அந்தக் கோடு வாய் திறந்து, கால் எடுத்து வைக்கும்போதெல்லாம் தண்ணீர் குடிக்க ஆரம்பிக்கும். ஒட்டு போட்டாலும் நிற்காது.

ரப்பர் பூட்ஸ் அப்படியில்லை. குளிரிலும் வளைந்து கொடுக்கும். நான் கடைசியாக வாங்கியது துணி லைனிங் வைத்த ரப்பர். விலை பிவிசியைப் போல இரண்டு பங்கு ஆனது, ஆனால் மூன்றாவது மழைக்காலத்திலும் விரல் மடிப்பில் கீறல் இல்லை. கடையில் நின்று பார்க்கும்போது முன்பக்கத்தை மடக்கி விடுங்கள். மடித்த இடம் வெளுத்துப்போய் அப்படியே நின்றால் வைத்துவிட்டு வரலாம். மடிப்பு உடனே மறைந்தால் வாங்கலாம். ரப்பருக்கு ஆகாதவை வெயிலும் மண்ணெண்ணெயும். இரத்தம் குடிக்கிற அட்டை ஏறாமல் இருக்கட்டும் என்று பூட்ஸில் மண்ணெண்ணெய் தடவுகிறவர்கள் உண்டு. அது ரப்பரை ஊதவைத்துப் பிசுபிசுப்பாக்கிவிடும். அட்டைக்குப் பார் சோப்பைத் தேய்த்தாலே போதும்.

தண்ணீர் உள்ளே வராது என்று அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலையிலிருந்து சாயந்திரம் வரை போட்டால் காலின் வியர்வையே லைனிங்கை நனைத்துவிடும். அதனால் நான் முதலில் கேட்கிற கேள்வி, இது ராத்திரிக்குள் காயுமா என்பதுதான். பாதத்துக்கு அடியில் கிடக்கும் உள் அட்டை கழற்றக்கூடியதாக இருந்தால் அதைத் தனியாக எடுத்து அடுப்பு மேல் பரணில் வைக்கலாம். பூட்ஸுக்குள் பழைய பேப்பரைக் கசக்கித் திணித்து, படுக்கப்போகுமுன் ஒரு முறை பேப்பரை மாற்ற வேண்டும். பிறகு இரண்டு கம்பு நட்டு அதில் தலைகீழாகக் கவிழ்த்துவிட வேண்டும். அவசரத்துக்குப் பூட்ஸை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் அடிப்பாகம் ஒட்டிய இடம் விட்டுக்கொள்ளும். உள் அட்டை ஒட்டியே வருகிற பூட்ஸ் எவ்வளவு நல்ல ரப்பராக இருந்தாலும் ஐப்பசியில் நாறும், கால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். லயனில் எத்தனை பெண்கள் அந்தப் புண்ணோடு மருந்து தடவித் தடவி வேலைக்குப் போனார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அட்டைக்கு வருவோம். பூட்ஸ் போட்டால் அட்டை கடிக்காது என்று நினைத்து வருகிறவர்கள் அதிகம். அட்டை பூட்ஸ் மேல் ஏறுவதை நின்று பாருங்கள். பின்பக்க உறிஞ்சியை ஒட்டிக்கொண்டு, உடம்பை நூலாக நீட்டி, முன்வாயால் காற்றில் அப்படியும் இப்படியும் துழாவும். ஒட்ட இடம் கிடைத்ததும் பின்பக்கத்தை இழுத்து வளைந்துகொள்ளும். இப்படியே முழங்கால் விளிம்பு வரை வந்து, உள்ளே இறங்கிவிடும். பின்னல் சாக்ஸ் போட்டிருந்தால் கண்ணி வழியாக வாயை நுழைத்துக் கடித்துவிடும். கடித்தது தெரியாது. அதன் எச்சிலில் இருக்கும் ஒரு பொருள் இரத்தத்தை உறையவிடாது; அட்டை விழுந்த பிறகும் வழிந்துகொண்டே இருக்கும்.

அதனால் பூட்ஸோடு அட்டை சாக்ஸும் வாங்கித்தான் ஆக வேண்டும். நெருக்கமாக நெய்த காடாத் துணியில், முழங்கால் வரை, மேலே நாடா வைத்துத் தைத்தது. ஆன்லைனில் மலையேறுகிறவர்களுக்கு என்று விற்கிற சாக்ஸும் இதே வேலைதான் செய்கிறது, ஆனால் தையல் தடிமனாக இருந்தால் பூட்ஸுக்குள் குதிகாலை அறுக்கும். டெய்லரிடம் காடாத் துணி கொடுத்து, தையலை வெளிப்பக்கம் வரும்படி தைத்துக்கொண்டால் செலவும் குறைவு, காலும் தப்பும்.

இனி எனக்கு உண்மையாகவே மனத்தாங்கல் உள்ள விஷயம். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் கடையில் தொங்கும் பூட்ஸ் பெரும்பாலும் ஆறாம் நம்பரில்தான் ஆரம்பிக்கிறது. "அண்ணாச்சி, நாலு இருக்கா?" என்றால், "ஆம்பள அளவுதாம்மா வருது, ரெண்டு சாக்ஸ் போட்டுக்கோ" என்பார். இரண்டு சாக்ஸ் போட்டாலும் சரிவில் பாதம் உள்ளே வழுக்கும், குதிகால் தூக்கும், கெண்டைக்கால் வலிக்கும். கூடை நிறைய கொழுந்தோடு இறங்குகிற பெண்ணுக்கு அது ஆபத்து. நாலும் ஐந்தும் தயாரிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் மொத்தமாக ஆர்டர் போட்டால் வரும். நான்கைந்து பேர் சேர்ந்து கேட்டதில் எங்களுக்கு ஒரு முறை வந்தது. நீங்களும் சேர்ந்து கேளுங்கள்.

எங்கள் பக்கத்தில் காலணிக்குத் தனி மரியாதை உண்டு. காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் சாமிக்குச் செருப்பைத்தான் காணிக்கையாகக் கட்டுவார்கள். செருப்புத் தைப்பவரின் மகள்களான பொம்மக்கா, திம்மக்காவைக் கல்யாணம் கட்டுவதற்காக அந்தத் தொழிலை ஏற்றுக்கொண்ட முத்துப்பட்டன் அவர். கட்டிவிட்ட செருப்பு அடுத்த முறை போய்ப் பார்த்தால் தேய்ந்திருக்கும், ராத்திரியில் அவர் அதைப் போட்டுக்கொண்டு காட்டைக் காவல் சுற்றுகிறார் என்பது எங்கள் நம்பிக்கை. மலையில் நடக்கிறவனுக்குச் செருப்புதான் முதல் துணை என்று அறிந்தவர்களின் சாமி அவர்.

சுற்றிப்பார்க்க, காட்டில் நடக்க வருகிறவர்கள் கம்பூட்ஸ் வாங்கலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். நெடுந்தூரம் இறங்கினால் விரல் முன்னால் போய் இடிக்கும், பாசிப் பாறையில் அடிப்பாகம் பிடிக்காது. கணுக்காலை மூடும் நல்ல ஷூவும் அட்டை சாக்ஸும் போதும். எங்கள் மலை களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால் வனத்துறை அனுமதியைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கம்பூட்ஸ்தான் இருக்கிறது என்றால், ஓடை குறுக்கிட்டதும் தண்ணீர் பூட்ஸ் விளிம்பைத் தொடுமா என்று ஒரு கம்பை விட்டுப் பாருங்கள். உள்ளே நிரம்பிவிட்டால் காலைத் தூக்கவே முடியாது, இழுப்பு ஆளைச் சாய்த்துவிடும். ஆழம் அதிகம் என்றால் மேலே பாலம் இருக்கும் இடம் வரை நடந்து போங்கள்.