முப்பது நாள் வீகன் சேவை: அக்கா சேர்ந்தாள், நான் வாயை மூடிக்கொண்டேன்

சேவையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. கீழே கொஞ்சம் திட்டப் போகிறேன், அதுவும் காசு வாங்காமல் நடத்துகிறவர்களை. ஜனவரி மாதம் முழுக்க வீகனாக, அதாவது கறி, மீன் மட்டுமில்லாமல் பால், முட்டை என்று விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாமல், இருந்து பாருங்கள் என்று 2014-ல் இங்கிலாந்தில் வீகனுவரி என்ற இயக்கம் ஆரம்பித்த பிறகு அதே அச்சில் வார்த்த சேவைகள் பல வந்துவிட்டன, அப்படி ஒன்றுதான் இதுவும். மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் முப்பது நாளைக்குத் தினம் ஒரு மடல் வரும். கூடவே ஒரு அரட்டைக் குழுவில் சேர்த்துவிடுவார்கள், அங்கே ஏற்கெனவே வீகனாக இருக்கும் தன்னார்வலர்கள் சந்தேகம் கேட்டால் பதில் சொல்வார்கள். அவ்வளவுதான் சேவை.

நான் ஏழு வருடமாக வீகன். இந்த ஏழு வருடத்தில் நான் பேசி மாற்றிய ஆட்களின் எண்ணிக்கை பூஜ்யம். முயற்சி செய்யாமல் இல்லை, அதுதான் பிரச்சினையே. முதல் இரண்டு வருடம் யார் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் பரிமாறி முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடுவேன். முட்டைப் பண்ணைகளில் ஆண் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள் என்பதை (2022-லிருந்து ஜெர்மனியில் அதற்குத் தடை, பெரும்பாலான இடங்களில் இன்னும் நடக்கிறது) ஒருவர் முட்டையை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் நான் விளக்குவேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் கையில் சாப்பாட்டோடு இருக்கிற மனிதன் மனம் மாறியதாக நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, முகம் மாறித்தான் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் அதிகம் வாங்கிக்கொண்டவள் அக்கா.

அவளே ஒரு நாள் கூப்பிட்டாள். "டேய், நீ சொன்னதுக்காக இல்ல, எனக்கே பாக்கணும்னு தோணுது. ஏதோ மெயில் அனுப்பறாங்களாமே, அதுல சேர்றேன். ஆனா ஒரு கண்டிஷன். முப்பது நாளும் நீ வாயைத் திறக்கக் கூடாது. அவங்க சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன்."

சரி என்றேன். அவளுக்கு என்ன வருகிறது என்று தெரிந்துகொள்ள நானும் ஒரு முகவரியில் பதிவு செய்து குழுவில் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். இந்த விமர்சனம் அதனால் எழுத முடிந்தது.

பதிவு செய்யும்போது மூன்று கேள்விகள். இப்போது என்ன சாப்பிடுகிறீர்கள், எதற்காக மாற நினைக்கிறீர்கள், உங்கள் வீட்டில் சமைப்பது யார். மூன்றாவது கேள்வியை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு, அது என் மண்டையில் ஏழு வருடமாக உதிக்கவே இல்லை. ஆனால் கேட்க வேண்டிய நான்காவது கேள்வி இல்லை: ஏதாவது நோய் இருக்கிறதா, கர்ப்பமா, உணவுக் கோளாறு இருந்திருக்கிறதா. சாப்பாட்டோடு ஏற்கெனவே மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் ஒருவர் கையில் இன்னொரு விலக்குப் பட்டியலைக் கொடுப்பது விளையாட்டில்லை, கேட்டுவிட்டுத்தான் சேர்க்க வேண்டும்.

முதல் வாரம் பிரமாதம், இதை மனம்விட்டுச் சொல்ல வேண்டும். முதல் நாள் மடலில் தத்துவம் ஒரு வரி இல்லை. வீட்டில் இருக்கும் எதையும் தூக்கிப் போடாதீர்கள், தீரட்டும், இந்த வாரம் காலைச் சாப்பாட்டை மட்டும் மாற்றுங்கள் என்று நாலே வரி. இரண்டாம் நாள் பாலுக்குப் பதில் என்ன என்பது. அக்கா சோயா பால் வாங்கி வந்து காபியில் ஊற்றினாள், திரிந்துவிட்டது. நான் அங்கேதான் இருந்தேன். கோப்பையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள், பழுப்புத் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகத் துணுக்குகள் மிதந்தன. ஏன் என்று எனக்குத் தெரியும். காபியில் இருக்கும் அமிலமும் சூடும் சேர்ந்து சோயாப் புரதத்தைத் திரட்டிவிடும், அதுவும் பால் சில்லென்று இருந்தால் உடனே. நாக்கு நுனிவரை வந்தது. ஒப்பந்தம் ஒப்பந்தம்தானே, விழுங்கிக்கொண்டேன்.

அவள் படம் எடுத்துக் குழுவில் போட்டாள். ஆறு நிமிடத்தில் பதில்: "முதல்ல பாலைச் சூடு பண்ணிக்குங்க, காபியை அதுல கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, பாலைக் காபியில ஊத்தாதீங்க. நல்லா கருக வறுத்த பொடின்னா அமிலம் கம்மி. அப்பவும் சரியா வரலைன்னா ஓட்ஸ் பால்." மறுநாள் காபி திரியவில்லை.

மாட்டையும் கன்றையும் பற்றி நான் அக்காவிடம் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். கன்று போட்டால்தான் பால், அந்தக் கன்று எங்கே போகிறது என்றெல்லாம் அவளுக்கு மனப்பாடம். காபி திரிந்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. "நீ என் தட்டைப் பாத்துப் பேசின, இவங்க அடுப்பைப் பாத்துப் பேசறாங்க" என்றாள். பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லாதது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது வாரத்தில் சேவைக்குப் பிரசங்க ஜுரம் வந்துவிட்டது. எட்டாம் நாள் மடலில் கொட்டை எழுத்தில், பூமியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் 51 சதவீதம் கால்நடை வளர்ப்பால் வருகிறது என்று போட்டிருந்தார்கள். நான் பல்லைக் கடித்தேன். இது 2009-ல் வேர்ல்டுவாட்ச் இதழில் வந்த ஒரு கட்டுரையின் கணக்கு, துறை ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஏற்காதது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2006-ல் சொன்னது 18 சதவீதம், 2013-ல் அதையே 14.5 என்று திருத்தியது. 14.5 என்ன சின்ன எண்ணா? அதை வைத்தே பேசலாமே. அக்கா கணக்குத் தணிக்கை வேலை பார்ப்பவள், எண்ணைப் பார்த்தால் சும்மா விடமாட்டாள். தேடிப் பார்த்து, குழுவில் கேட்டாள். ஒரு தன்னார்வலர் "எண் முக்கியமில்லை சகோதரி, கருத்துதான் முக்கியம்" என்று பதில் போட்டார். தணிக்கையாளரிடம் போய் எண் முக்கியமில்லை என்றால் என்ன ஆகும்?

ஒன்பதாம் நாள் மடல் உண்மையிலேயே நல்ல மடல். 2018-ல் சயன்ஸ் இதழில் பூரும் நெமசெக்கும் வெளியிட்ட ஆய்வு, 119 நாடுகள், ஏறக்குறைய 38,700 பண்ணைகளின் தரவு. இறைச்சி, பால், முட்டை, வளர்ப்பு மீன் இவையெல்லாம் சேர்ந்து விளைநிலத்திலும் மேய்ச்சல் நிலத்திலுமாக 83 சதவீதத்தை எடுத்துக்கொண்டு, நமக்குத் திருப்பித் தருவது 18 சதவீதக் கலோரியும் 37 சதவீதப் புரதமும்தான். நிஜமான கணக்கு. அக்கா அதைப் பாதியில் மூடிவிட்டாள். "நேத்து 51னு சொன்னவங்கதானே?" எட்டாம் நாள் பொய் ஒன்பதாம் நாள் உண்மையையும் சேர்த்துச் சாப்பிட்டுவிட்டது.

அப்புறம் பன்னிரண்டாம் நாள். மடலைத் திறந்ததும் காணொளி தானாக ஓட ஆரம்பிக்கிறது, அறுப்புக்கூடத்தின் உள்ளே எடுத்தது. அக்கா அதை அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் திறந்திருக்கிறாள். அதற்குப் பிறகு நாலு நாள் எந்த மடலையும் திறக்கவில்லை, அடுத்த நாள் ராத்திரி உட்கார்ந்து கறி சாப்பிட்டாள். பிடிக்கும் என்பதற்காக இல்லை, கோபத்தில். ஒருவரின் தேர்வைப் பிடுங்குவதுபோல் நடந்துகொண்டால் பிடுங்கப்பட்ட பொருளின் மீதே ஆசை கூடும் என்று ஜாக் பிரெம் என்ற உளவியலாளர் 1966-லேயே எழுதியிருக்கிறார். குழந்தை வளர்த்த யாருக்கும் அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. நான் மாறியதே அப்படி ஒரு காணொளியைப் பார்த்துத்தான். அதனால் காட்டவே கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வித்தியாசம் என்னவென்றால், நான் தேடிப்போய், கதவைச் சாத்திக்கொண்டு, பார்க்கத்தான் வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுப் பார்த்தேன். அக்காவுக்கு அதை ஊட்டிவிட்டார்கள். உள்ளே இன்னது இருக்கிறது, விரும்பினால் அழுத்துங்கள் என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும்.

கறி சாப்பிட்டதை அவள் குழுவில் நேர்மையாகச் சொன்னாள். ஆறு பேர் பாய்ந்தார்கள். அந்த உயிரிடம் மன்னிப்புக் கேளுங்கள் என்றார் ஒருவர், இப்படிப்பட்டவர்கள் ஏன் சேர்கிறீர்கள் என்றார் இன்னொருவர். 1944-ல் வீகன் என்ற சொல்லை உருவாக்கிய இங்கிலாந்தின் வீகன் சங்கம் இன்று வைத்திருக்கும் வரையறையிலேயே "இயன்றவரை, நடைமுறைக்கு முடிந்தவரை" என்று இருக்கிறது, இவர்கள் அந்த வரியைத் தாண்டிக் குதித்துவிட்டார்கள்போல. காபிக்குப் பதில் சொன்ன அதே பெண்மணிதான் தனிச்செய்தி அனுப்பினார்: "நேத்து சாப்பிட்டது போகட்டும்ங்க. நாளைக்குக் காலையில என்ன செய்யப் போறீங்க?" அக்கா திரும்பி வந்தது அந்த ஒரு வரியால். அவருக்குச் சம்பளம் இல்லை, சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பதாக இருந்தால் அவருக்கு மட்டும் தனியாகக் கொடுப்பேன்.

குழுவில் இன்னொரு வகை வீகன்களும் உண்டு. யாரையும் மாற்ற நினைக்காதே, நீ வாழ்ந்து காட்டு, பார்த்துத் தானாக வருவார்கள் என்பவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நான் ஏழு வருடம் வாழ்ந்து காட்டிவிட்டேன், ஒருவரும் வரவில்லை, எனக்குத் தனியாக என்ன சமைப்பது என்றுதான் கேட்டார்கள். பால் அட்டைப்பெட்டியில் பசும்புல்லில் நின்று சிரிக்கிற மாடும் ஒரு பிரசாரம்தான், அதன் பின்னால் பணம் நிற்கிறது, அதை யாரும் மதப்பிரசங்கம் என்று சொல்வதில்லை. வருடத்துக்கு 8,000 கோடிக்கு மேல் நிலவாழ் விலங்குகளைச் சாப்பாட்டுக்காகக் கொல்கிறோம், பெரும்பாலும் கோழிகள். இது தவறு என்று நிஜமாகவே நினைக்கிறவன் அடுத்தவரிடம் சொல்லாமல் இருந்தால்தான் விசித்திரம். அதனால் பேசலாமா என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. இந்தச் சேவையும் அதைத்தான் செய்கிறது, பாதியைச் சரியாக, பாதியை என்னை மாதிரி.

என்னை மாதிரி என்பதற்கு உதாரணம் பதினாறாம் நாள். அசைவத்தை நியாயப்படுத்த மக்கள் சொல்லும் காரணங்கள் நான்கு வகை என்று 2015-ல் ஒரு உளவியல் ஆய்வு வந்தது: இயற்கையானது, எல்லோரும் செய்வது, உடம்புக்குத் தேவை, ருசியாக இருக்கிறது. மடலில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிலடி, பட்டிமன்றத்துக்குக் குறிப்பு எடுத்துக் கொடுத்ததுபோல. அக்கா படித்துவிட்டு, "இதுல நாலாவதுதான்டா நிஜம். மத்த மூணும் நீ கேட்டா சொல்றதுக்கு வச்சிருந்தது" என்றாள். ஏழு வருடமாக அந்த மூன்றோடுதான் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்! ருசிக்குச் சேவையிடமும் வாதம் இல்லை, சமையல் குறிப்புகள் இருக்கின்றன. பாதி நன்றாக வருகிறது, பாதிக்குக் கடைகடையாய் ஏறி இறங்க வேண்டும்.

மன்னிக்க முடியாத குறை பி12 விஷயம். இந்த வைட்டமினை உருவாக்குவது பாக்டீரியாக்கள், செடிகளிலிருந்து நம்பும்படி கிடைக்காது, வீகனாக இருப்பவர் மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்தே ஆக வேண்டும். ஈரலில் சேமிப்பு வருடக்கணக்கில் இருக்கும் என்பதால் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, தெரியும்போது நரம்பைத் தொட்டிருக்கலாம். முப்பது நாள் சேவைக்கு இது மறந்துபோகிற சமாசாரம்தான், முப்பது நாளில் யாருக்கும் ஒன்றும் ஆகாதே. மடல் வந்தது இருபத்து மூன்றாம் நாள். அதற்கு முன்பே குழுவில் ஒருவர் கேட்டதற்கு, காய்கறியை ரொம்பக் கழுவாமல் சாப்பிட்டால் மண்ணிலிருந்தே கிடைத்துவிடும் என்று ஒரு தன்னார்வலர் சொல்லிவிட்டார். அன்றைக்குத்தான் ஒப்பந்தத்தை மீறினேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் பேச்சு, விரலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வீகன் சங்கத்தின் பரிந்துரையைப் போட்டேன்: மாத்திரை என்றால் தினமும் 10 மைக்ரோகிராம் அல்லது வாரத்துக்கு 2,000. அக்கா கட்டைவிரல் மட்டும் போட்டாள்.

மதிப்பெண் கேட்டால் 5-க்கு 3. சமையலறையில் நீங்கள்தான் நிற்பீர்கள் என்றால் தாராளமாகச் சேருங்கள், முதல் வாரத்துக்காகவே சேரலாம். மருந்து சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். உங்கள் வீட்டில் ஒருவரை மாற்ற நினைத்து அவருக்குத் தெரியாமல் அவர் முகவரியைக் கொடுக்கிற எண்ணம் இருந்தால், வேண்டாம்.

முடிந்து மூன்று மாதம் ஆகிறது. அக்கா காபியில் மாட்டுப்பால் இல்லை, அது போனது போனதுதான். கறி வாரத்துக்கு இரண்டு நாள் என்று குறைந்திருக்கிறது, முட்டையை விட்டாளா என்று நான் கேட்கவில்லை. குழுவில் பாய்ந்த ஆறு பேரும் இதைத் தோல்வி என்பார்கள், எனக்கு இது பூஜ்யத்துக்கு மேலே. 2014-ல் அமெரிக்காவில் ஃபானலிட்டிக்ஸ் அமைப்பு 11,000-க்கும் மேற்பட்டவர்களிடம் எடுத்த கணக்கில், சைவமோ வீகனோ ஆனவர்களில் 84 சதவீதம் பேர் பழையபடி திரும்பியிருந்தார்கள். இது தெரிந்தும் முப்பத்தோராம் நாள் குழுவைப் பூட்டிவிடுகிறார்கள், ஆள் தடுமாறப்போவதே அதற்குப் பிறகுதான் என்கிறபோது.

பூட்டுவதற்கு முன் கடைசி மடல் ஒன்று வந்தது. பெயர் போட்ட சான்றிதழ், கீழே ஒரு பச்சைப் பொத்தான்: இனி நீங்கள் ஐந்து பேரை மாற்றுங்கள். அக்கா அதைத் திறந்து பார்த்துவிட்டு எனக்கு அனுப்பிவைத்தாள், மேலே ஒரே ஒரு வரி எழுதி: "டேய், இது உனக்கு வர வேண்டியதுன்னு நினைக்கிறேன்."