முயல் சாப்பிடவில்லையா? "ஒரு நாள் பட்டினி போடுங்க" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் எங்கள் முயல் பஞ்சு கொத்தமல்லியைத் தொடவில்லை. கட்டைப் பிரிக்கும் சத்தம் கேட்டாலே ஓடி வருபவள், மூலையில் முதுகைக் கூனிக்கொண்டு உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தாள். இரவு முழுக்கப் போட்ட புழுக்கை பத்துகூடத் தேறாது. கொண்டைக்கடலை அளவில் இருக்க வேண்டியது மிளகு அளவில் கிடந்தது.

பக்கத்தில் இருக்கும் ஒரு கிளினிக்குக்கு போன் போட்டு, முயல் பார்ப்பீர்களா என்று கேட்டேன். "எல்லா பெட்டும் பார்ப்போம், கொண்டு வாங்க" என்றார்கள். அங்கே டாக்டர் வயிற்றை ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். காய்ச்சல் பார்க்கவில்லை, வாயைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "வெயிலுக்கு வயிறு மந்தமாயிருக்கு. லங்கணம் பரம ஔஷதம்னு சொல்வாங்கல்ல, ஒரு நாள் எதுவும் கொடுக்காதீங்க, தானா பசி எடுக்கும்" என்றார். ஒரு ஊசி, ஒரு அமாக்ஸிசிலின் சிரப், 1,850 ரூபாய். என்ன ஊசி என்று கேட்டதற்கு, "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா" என்று சொல்லிவிட்டார். பில்லிலும் பெயர் இல்லை.

நமக்கும் நாய்க்கும் ஒரு வேளை பட்டினி ஒத்துக்கொள்ளலாம். முயலுக்கு ஒத்துக்கொள்ளாது. அதன் குடல் நாள் முழுக்க நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் நகரும். உணவு நின்றால் குடல் நின்றுவிடும், வாயு சேரும், அந்த வலியில் இன்னும் சாப்பிடாது. முயலால் வாந்தியும் எடுக்க முடியாது. 12 மணி நேரம் சாப்பிடாத முயல் அவசர கேஸ். அதைவிடக் கொடுமை அந்த சிரப். அமாக்ஸிசிலின் மாதிரி பென்சிலின் வகை மருந்தை வாய்வழி கொடுத்தால் முயலின் குடலில் உள்ள நல்ல பாக்டீரியா அழிந்து, நஞ்சு உண்டாக்கும் கிருமிகள் பெருகும். உயிரே போகலாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது மறுநாள்தான். அதற்குள் ஒரு வேளை கொடுத்துவிட்டேன்.

ராத்திரி இரண்டு மணிக்குக் காதைத் தொட்டால் சில்லென்று இருந்தது. துண்டில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். விடிந்ததும் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம்.

அங்கே பார்த்த டாக்டரம்மா முதலில் செய்ததே வாய்க்குள் விளக்கு அடித்துப் பார்த்ததுதான். கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று முள் மாதிரி வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருந்தது. முயலுக்குப் பல் ஆயுசு முழுக்க வளரும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயும். எக்ஸ்ரே எடுத்து அடைப்பு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் தோலுக்கடியில் திரவம், வலிக்கு மருந்து, வெந்நீர் பாட்டில் ஒத்தடம் எல்லாம். சிரப்பை உடனே நிறுத்தச் சொன்னார். வீட்டில் பெல்லட்டை (முயலுக்கான குச்சித் தீவனம்) ஊறவைத்துக் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வாயோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினோம். (இதை டாக்டர் சொல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம். வயிறு உப்பி அடைப்பு இருந்தால் ஊட்டுவதே ஆபத்து.) வியாழக்கிழமை சாயங்காலம் நாலு புழுக்கை போட்டாள். நான் உட்கார்ந்து அழுதேன். நாலு நாள் கழித்து மயக்கம் கொடுத்துப் பல்லை ராவினார்கள்.

பல் அப்படி வளர்ந்ததில் என் தப்பும் உண்டு. விற்ற கடைக்காரர் கேரட்டும் பிஸ்கட்டும் போதும், தண்ணீர் வைத்தால் செத்துவிடும் என்றார், நம்பினேன். இரண்டுமே பொய். முயலுக்குத் தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும், சாப்பாட்டில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும். இப்போது பிள்ளையார் கோயில் பூக்காரம்மாவிடம் தினமும் அருகம்புல் வாங்கி, நன்றாகக் கழுவிப் போடுகிறேன். காய்ந்த புல்லும் எப்போதும் கூண்டில் இருக்கும்.

நீங்கள் போன் செய்யும்போது "முயல் பார்ப்பீர்களா" என்று மட்டும் கேட்காதீர்கள். கடைவாய்ப்பல் பார்க்கக் கருவி இருக்கிறதா, வாய்வழி அமாக்ஸிசிலின் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். இரண்டாவதற்கு "கொடுப்போம்" என்றால் வேறு இடம் பாருங்கள்.

ஊசியின் பெயரையாவது எழுதித் தாருங்கள் என்று ஒரு வாரம் கழித்து அந்தக் கிளினிக்குக்குப் போனேன். கேஸ் ஷீட் கிடைக்கவில்லை என்றார்கள். வாசல் போர்டில் நாய், பூனை பக்கத்தில் ஒரு வெள்ளை முயல் படமும் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் நான் அங்கே போனேன்.