விக்டோரியா முத்திரை, ஸ்டெயின்லெஸ் அலகு: டெல்லியில் பழைய பேனாக்கத்தி வாங்குபவர்கள் கவனத்துக்கு

ஜாமா மசூதியைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை விரிக்கும் கடைகளிலும், அங்கிருந்து படம் எடுத்துப் போடும் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரு மடக்குக்கத்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. மூடினால் சுமார் 10 செ.மீ., பழுப்பேறிய எலும்புப் பிடி, இரண்டு அலகு, பெரிய அலகின் அடியில் ‘ஜோசப் ராட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ், ஷெஃபீல்டு’ என்று இங்கிலாந்தின் பேர்பெற்ற கத்திக் கம்பெனி ஒன்றின் பெயர். "அசல் அங்ரேஸி மால், ராணி விக்டோரியா டைம்" என்று 6,000-த்தில் ஆரம்பித்து 3,200-க்கு இறங்குவார்கள். அவ்வளவு சுலபமாக இறங்கும்போதே சந்தேகம் வர வேண்டும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் தலையில் இதைக் கட்டிவிட்டார்கள். திருப்பிக் கொண்டுபோனபோது கடைக்காரர் கேட்டது ஒன்றுதான்: "பில்லில் என்ன எழுதியிருக்கு?" பில்லில் இருந்தது ‘ஷோபீஸ் – 1’. பணம் வரவில்லை. கத்தியின் ஆணிகளைத் தட்டி எடுத்து முழுசாகப் பிரித்துப் பார்த்தோம்.

முதலில் முத்திரை. டாங் என்கிற தடித்த அடிப்பகுதியில் நடுவே கிரீடம், இரு பக்கமும் வி, ஆர் (விக்டோரியா ரெஜினா, அதாவது விக்டோரியா ராணி). அதற்குக் கீழேயே ‘ஸ்டெயின்லெஸ்’. விக்டோரியா இறந்தது 1901-ல். ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருக்கியது 1913-ல். இந்த இரண்டு சொல்லும் ஒரே அலகில் இருந்தால் ‘ராணி காலம்’ என்ற பேச்சு அங்கேயே முடிந்தது. மேற்கொண்டு லென்ஸ்கூட வேண்டாம். ராட்ஜர்ஸின் அடையாளம் ஒரு நட்சத்திரமும் ஒரு மால்டீஸ் சிலுவையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பது. சந்தை நகல்களில் சிலுவை வெறும் கூட்டல் குறியாகிவிடும், அல்லது பெயர் ‘ரோஜர்ஸ்’ ஆகிவிடும். இந்தப் பெயரைத் திருடுவது இன்று தொடங்கியதல்ல, 19-ஆம் நூற்றாண்டிலேயே போலிகள் இருந்தன. அதனால் ‘பழைய போலி’ என்றும் ஒரு வகை உண்டு. கத்தி நிஜமாகவே பழசு, பெயர் மட்டும் பொய்.

எழுத்து எப்படிப் பதிந்திருக்கிறது என்பது அடுத்தது. அந்தக் காலத்தில் அலகைக் கடினப்படுத்துவதற்கு முன்பே, எஃகு மெத்தென்று இருக்கும்போது, அச்சை வைத்து அடிப்பார்கள். அதனால் எழுத்தின் அடி சமமாக இருக்கும், ஓரத்தில் உலோகம் லேசாகப் பிதுங்கி நிற்கும், ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மேலாகவும் விழுந்திருக்கும். கடினமான அலகில் பிற்பாடு அடித்தால் அச்சு வழுக்கும் அல்லது உடையும். ஆகவே இப்போது செய்பவர்கள் லேசரையோ அமிலத்தையோ நாடுகிறார்கள். 10 மடங்கு லென்ஸில் லேசர் எழுத்து சாம்பல் நிறத்தில், வரிசையாகப் புள்ளி வைத்ததுபோலத் தெரியும்; எல்லா எழுத்தும் ஒரே ஆழம். நாங்கள் பிரித்த கத்தியில் துருவின் மேல் எழுத்து இருந்தது. நூறு வருடத் துரு என்றால் எழுத்தின் பள்ளத்துக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும். இங்கே பள்ளம் பளிச்சென்று இருந்தது.

துரு என்றதும் மயங்குகிறவர்கள் நிறைய. பிரின்டட் சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. அதில் முக்கி எடுத்து, உப்பும் வினிகரும் தடவி ஈரச் சாக்கில் சுற்றிப் போட்டால் சில நாளில் ‘தாத்தா காலத்துக் கத்தி’ தயார். இந்தத் துரு ஆரஞ்சு நிறம், எங்கும் ஒரே சீர், எண்ணெய்த் துணியில் துடைத்தால் கையோடு வரும். நிஜப் பழமை வேறு மாதிரி: கார்பன் எஃகில் கையும் பழச்சாறும் பட்ட இடம் நீலமும் கறுப்புமாய்ப் படிந்திருக்கும், நகக்குழிக்குள்ளும் (அலகைத் திறக்க நகம் வைக்கும் பள்ளம்) அலகின் முதுகிலும் ஆழக் குழிகள், அடிக்கடி தீட்டிய விளிம்பு மட்டும் வெளுத்திருக்கும். மூடியிருக்கும்போது அலகு உட்காரும் பள்ளத்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய கத்தியில் அங்கே பல வருடத்துப் பஞ்சும், கெட்டிப்பட்ட எண்ணெயும், புகையிலைத் தூளும் இருக்கும். புதிதில் சுத்தமாக இருக்கும், அல்லது வெளியே இருக்கும் அதே ஆரஞ்சுத் துரு.

பிடி விஷயத்தில் ஏமாற்றியது ரெசின் என்கிற செயற்கைப் பிசின். நிஜ எலும்பில் ரத்தக் குழாய் ஓடிய நுண்துளைகள் கரும்புள்ளிகளாகவும் குட்டிக் கோடுகளாகவும் தெரியும். வார்த்த பிசினில் அது கிடையாது, நுண்ணிய காற்றுக் குமிழிதான் தெரியும். புது எலும்பையே தேயிலைச் சாயத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் ஊறவைத்துப் பழுப்பாக்குவதும் உண்டு. அப்போது கீறலின் உள்பக்கமும் ஆணித் துளையைச் சுற்றியும் ஒரே அடர்த்தியில் சாயம் ஏறியிருக்கும். சூடான ஊசி வைத்துப் பார்க்கச் சொல்லும் அறிவாளிகள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பழைய பிடி செல்லுலாய்டாக இருந்தால் குப்பென்று பற்றும். செல்லுலாய்டை அடையாளம் காண விரலால் நன்றாகத் தேய்த்து முகர்ந்தால் போதும், கற்பூர வாசனை வரும். அந்த வகையை மற்றக் கத்திகளோடு ஒரே டப்பாவில் வைக்கக் கூடாது. சிதைய ஆரம்பித்தால் வெளிவிடும் அமில ஆவி பக்கத்து அலகுகளையும் தின்றுவிடும். தந்தம், ஆமை ஓடு என்று காட்டினால் விலை கேட்காமல் நகருங்கள், 1972 வன உயிர் பாதுகாப்புச் சட்டம் சும்மா விடாது. கடமான் கொம்பும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது. ‘ஸ்டாக்’ (மான்கொம்பு) என்ற பெயரில் சந்தையில் கிடைப்பதில் பெரும்பாலானவை வரி வெட்டிய எலும்போ பிளாஸ்டிக்கோதான் என்பது ஒருவிதத்தில் நல்லது.

பெயரையும் பிடியையும்விட எங்களைக் கடுப்பேற்றியது இயந்திரம். மடக்குக்கத்தி என்பதே அந்த முதுகு ஸ்பிரிங்தான். திறக்கும்போது கடைசியில் ‘டக்’ என்று விழ வேண்டும், மூடும்போதும் அப்படியே. திறந்த நிலையில் ஸ்பிரிங்கும் அலகின் முதுகும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். நுனியைப் பிடித்து இடவலமாக ஆட்டினால் அசையக் கூடாது. மூடினால் நுனி வெளியே தலைகாட்டக் கூடாது. காட்டினால் நுனி உடைந்து மறுபடி தீட்டியிருக்கிறார்கள், அல்லது அலகை உள்ளே நிறுத்தும் சின்ன மேடு தேய்ந்துவிட்டது. நகக்குழிக்கும் வெட்டு விளிம்புக்கும் நடுவே இடமே இல்லையென்றால் பாதி அலகு சாணையில் போய்விட்டது என்று அர்த்தம். ஸ்பிரிங்கின் நடு ஆணி அருகே முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று லென்ஸில் பாருங்கள், அது உடைந்தால் மாற்றிக் கொடுக்கும் ஆள் டெல்லியில் லேசில் கிடைக்க மாட்டார். எங்கள் ‘ராட்ஜர்ஸ்’ ஸ்பிரிங் வெறும் இரும்புப் பட்டை. அலகில், பிடிக்குள் மறையும் இடத்தில், ஓர் அரத்தை வைத்து இழுத்தோம். கடினப்படுத்திய எஃகில் அரம் வழுக்கும். இதில் நறநறவென்று கடித்து இறங்கியது. ஆப்பிள் வெட்டலாம். இரண்டாவது ஆப்பிளுக்கு மறுபடி தீட்ட வேண்டும்.

நல்ல கத்தி கிடைத்த பிறகும் அதைக் கெடுக்க ஒரு வழி இருக்கிறது: தெருவில் வரும் சாணைக்காரரிடமோ பஃபிங் பட்டறையிலோ கொடுப்பது. உலர்ந்த சக்கரத்தில் மெல்லிய விளிம்பு நொடியில் சூடேறும். எஃகு 220 டிகிரியை ஒட்டி வைக்கோல் நிறம் காட்டும், 300-ஐ ஒட்டி நீலம். விளிம்பில் நீலம் பூத்தால் பதம் போய்விட்டது, அந்த இடம் இனி கூர் நிற்காது. பஃபிங் சக்கரமோ முத்திரையையே வழித்துவிடும், எலும்புப் பிடியின் ஓரங்களை உருட்டிவிடும். ‘சர்வீஸ்’ என்று 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, ஒரு நல்ல ஜெர்மன் கத்தியைக் கண்ணாடி மாதிரி ஆக்கிக் கொடுத்த பட்டறை ஒன்று உண்டு. இப்போது அதில் ‘சோலிங்கன்’ என்பதில் ‘லிங்’ மட்டும்தான் படிக்க முடிகிறது. செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மூட்டில் மெல்லிய மிஷின் ஆயில் விட்டு ஓர் இரவு வையுங்கள், பல்குச்சியால் பள்ளத்தைத் துழாவுங்கள், நான்கு சைபர் (0000) ஸ்டீல் வுல்லால் எண்ணெயோடு தேயுங்கள், தண்ணீர்க் கல்லில் கையால் தீட்டுங்கள். கடைசிப் பூச்சுக்கு மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் போதும். வீட்டுத் தேங்காயெண்ணெய் டெல்லி டிசம்பரில் மூட்டுக்குள்ளேயே உறைந்து உட்காரும். கடுகெண்ணெய் பிசுபிசுவென்று பிசினாகிவிடும்.

இனி, பையில் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்கு. விற்பவர்கள் எல்லாரும் "9 அங்குலத்துக்குக் கீழே இருந்தால் லைசென்ஸ் வேண்டாம்" என்பார்கள். 2016 ஆயுத விதிகளில் 9 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்ற அளவு இருப்பது உண்மை. அவர்கள் சொல்லாமல் விடுவது டெல்லிக்கென்று 1980-ல் போட்ட தனி அறிவிக்கை. பட்டன் அழுத்தினால் திறப்பது, ஸ்பிரிங்கால் பாய்வது, பல்சக்கரம் வைத்த கராரிதார், வேறு இயந்திர அமைப்பில் திறந்து மூடுவது ஆகிய கத்திகளில் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் அதற்கு மேலும் இருந்தால் அந்த அறிவிக்கைக்குள் வரும். அதை வைத்து ஆயுதச் சட்டம் 25-ஆம் பிரிவில் வழக்குப் போடுவது டெல்லி போலீசுக்குப் பழகிய வேலை. பழைய ராம்பூரி கத்தியை ‘ஆன்டிக் பீஸ், ஒன்றும் ஆகாது’ என்று விற்பவரிடம் குறிப்பாகக் கவனம்: கட்கட்டென்று பல் ஏறித் திறக்கும் அதுதான் கராரிதார். ராம்பூரில் 2023-ல் ஆறு மீட்டர் ராம்பூரிக் கத்தியைச் சிலையாக நட்டு வைத்திருக்கிறார்கள் என்பதால் உங்கள் பையில் இருப்பதும் சிலையாகிவிடாது. சாதாரணப் பூட்டில்லாத பேனாக்கத்தி இந்த வரையறைக்குள் வருமா என்று வாதாடலாம்தான், ஆனால் வாதாடுகிற இடம் கோர்ட். மூன்று அங்குலத்துக்குக் குறைவான, பட்டனும் பூட்டும் இல்லாத அலகோடு நிறுத்திக்கொள்வது புத்தி. அதையும் மெட்ரோவுக்குக் கொண்டுபோகாதீர்கள். எக்ஸ்ரேயில் தெரிந்தால் சி.ஐ.எஸ்.எஃப். ஆளிடம் ஷெஃபீல்டு வரலாறு பேசி மீட்க முடியாது. விமானத்தில் செக்-இன் பெட்டிதான்.

கையில் 1,500 ரூபாய்தான் இருக்கிறது என்றால் பெரிய பெயரைத் தேடாதீர்கள். போலி செய்பவன் விற்பது பெயரைத்தான். பெயரே கேள்விப்படாத ஷெஃபீல்டு பட்டறையின் கத்தியையோ, முத்திரை தேய்ந்து வாசிக்க முடியாத கத்தியையோ போலி செய்து அவனுக்கு என்ன லாபம்? அப்படிப்பட்டதில் ஸ்பிரிங் நன்றாக விழுந்தால் எடுத்துவிடுங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்து பிரிட்டிஷ் ராணுவ மடக்குக்கத்தியும் நல்ல தேர்வு: கறுப்புக் கட்டம்போட்ட பிடி, மழுங்கிய நுனி, டின் ஓப்பனர், கயிற்று முடிச்சு அவிழ்க்கும் முள், கூடவே அரசு உடைமை என்று காட்டும் அகன்ற அம்புக்குறியும் வருடமும். இதிலும் அடித்த எழுத்தா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் கம்பெனியான ஓப்பினலின் கத்தி, ‘1890-ல் செய்தது’ என்று, அலகைப் பூட்டும் சுழல் வளையத்தோடு ஒன்றைக் காட்டினால் சிரித்துவிட்டு வாருங்கள். கம்பெனி தொடங்கிய வருடம் 1890, அந்தப் பூட்டு வளையம் வந்தது 1955-ல். அதன் 8-ஆம் எண் அலகு 8.5 செ.மீ., பூட்டும் உண்டு என்பதால் அது வீட்டோடு இருக்கட்டும். 91 மி.மீ. விக்டோரினாக்ஸில் பிடியிலுள்ள சிலுவைக் கேடயம் உலோகத்தில் பதித்தது. நகத்தால் சுரண்டினால் உரிகிற பெயின்ட் என்றால் அது சுவிஸ் இல்லை.

பணம் கொடுக்கும் முன் பில்லில் ‘ஜோசப் ராட்ஜர்ஸ், ஷெஃபீல்டு, 1901-க்கு முன்’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். நம்பி விற்பவர் எழுதுவார். எழுத மாட்டேன் என்றால் பெயர் இல்லாத கத்தியின் விலைதான் கொடுக்க வேண்டும், 500-க்கு மேல் போகாதீர்கள். வாட்ஸ்அப்பில் வாங்குவதானால் டாங்கின் இரு பக்கமும், பாதி திறந்த நிலையும், முதுகு ஸ்பிரிங்கும் பகல் வெளிச்சத்தில் படம் கேளுங்கள், திறந்து மூடும் சத்தத்தோடு வீடியோ கேளுங்கள். பாட்டு போட்டு அனுப்பினால் ஸ்பிரிங் செத்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கிவிட்டு பிளாக் செய்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடி உதவி எண் 1930-க்குக் கூப்பிட்டு யு.பி.ஐ. பரிவர்த்தனை எண்ணைச் சொல்லுங்கள். பொருள் வந்து, சொன்னது ஒன்று வந்தது வேறு என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கு பில்லும், விற்பவர் எழுதிய விளம்பர வாசகத்தின் ஸ்கிரீன்ஷாட்டும் வேண்டும், புகார் கொடுத்ததும் அவர்கள் முதலில் அழிப்பது அந்தப் பதிவைத்தான்.