பேஸ் கிட்டார் பயிற்சிக்கு ஹெட்போன் வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 13,800 ரூபாய் போன கதை

வீட்டில் சத்தமில்லாமல் பேஸ் கிட்டார் பயிற்சி செய்ய எந்த ஹெட்போன் வாங்கலாம் என்று கேட்டிருந்த நண்பர்களுக்காக நிதானமாக ஒரு பதிவு எழுத எண்ணியிருந்தேன். இப்போது அந்த நிதானம் என்னிடம் இல்லை. நேற்று மாலை அந்தக் கடையின் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது என் கையில் மிஞ்சியவை ஒரு போலி ஹெட்போனும், தலைப்பில் ‘எஸ்டிமேட்’ என்று அச்சிட்ட ஒரு துண்டுச் சீட்டும்தான். போனது 13,800 ரூபாய். எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும் என்பதை இறுதியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

நான் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறேன். பகலில் வேறு வேலை இருப்பதால், பயிற்சிக்குக் கிடைப்பது இரவு பத்து மணிக்கு மேற்பட்ட நேரம்தான். சென்னை வில்லிவாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு அந்த நேரத்தில் ஆம்ப்ளிஃபயரைத் திறக்க முடியாது. அறைக் கதவைச் சாத்தினால் பாடகரின் குரல் அடங்கும், பேஸ் அடங்காது. நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் திறந்த ஈ (E) தந்தி, அதாவது விரலால் அழுத்தாமல் மீட்டும் ஈ தந்தி, ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து தந்திக் கிட்டாரின் பி (B) தந்தி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்குகிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலி சுவரையும் தளத்தையும் பற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடும். கீழ்வீட்டுப் பெரியவர் என்னிடம் நாகரிகமாகத்தான் சொன்னார்: “தம்பி, பாட்டு ஒண்ணும் கேக்கலப்பா, கட்டில்தான் அதிருது.” அதற்குப் பிறகு ஹெட்போன் இல்லாமல் நான் தந்தியைத் தொடவில்லை.

செல்போனோடு வந்த இயர்போனை வைத்துக்கொண்டு ஏன் சமாளிக்கக்கூடாது என்று சிலர் கேட்பார்கள். காதில் தளர்வாக உட்காரும் மலிவான இயர்போனில் அந்த 41 ஹெர்ட்ஸ் பெரும்பாலும் வருவதே இல்லை. 82, 123 என்று அதன் மடங்குகள் மட்டும் வரும். இல்லாத அடிச்சுரத்தை நம் மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும். பாட்டுக் கேட்பதற்கு அது போதும். எண்பதுகளின் திரைப்பாடல்களில் பேஸ் கிட்டார் தனக்கென்று ஒரு மெட்டை வைத்துக்கொண்டு பாடிக்கொண்டே போகும்; அதை அப்படியே மேடையில் வாசிக்க வேண்டியவனுக்குச் சுரம் எங்கே தொடங்கியது, எங்கே நின்றது, அடக்க வேண்டிய தந்தியை விரல் சரியாக அடக்கியதா என்பதெல்லாம் கேட்டாக வேண்டும். ஆவணி முகூர்த்தங்களுக்குள் ஒரு கட்டுப் பாடல்களைத் தயார் செய்ய வேண்டியிருந்ததால், இந்த முறை நல்லதாகவே ஒன்று வாங்கிவிடுவது என்று முடிவு செய்தேன்.

மின்னணுச் சாதனக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் விலை குறையும் என்று குழுவில் சொன்னார்கள். கிட்டாரை எடுத்துக்கொண்டு போய் வாசித்துப் பார்க்க வசதி வேண்டும் என்பதற்காகவே நான் நகரின் மையப் பகுதியில் இசைக்கருவிகளும் ஒலிச் சாதனங்களும் விற்கும் ஒரு குளிரூட்டப்பட்ட கடைக்குப் போனேன். பெயரை இங்கே எழுதவில்லை.

என்னைக் கவனித்த விற்பனையாளர் ஐம்பதைத் தாண்டியவர். கேசட் காலத்தில் தாமும் ஒரு குழுவில் பேஸ் வாசித்ததாகச் சொல்லி, விரல் நுனியில் இன்னும் காய்ப்பு இருக்கிறது பாருங்கள் என்று கையை நீட்டிக் காட்டினார். என் கிட்டாரை வாங்கி இரண்டு வரி வாசித்தும் காட்டினார், நன்றாகவே வாசித்தார். பிறகு கொக்கியில் தொங்கிய ஒரு ஹெட்போனை எடுத்து, மேசையில் இருந்த பேஸ் ஆம்பில் செருகி என் காதில் மாட்டினார். பின்புறம் மூடிய, 80 ஓம் மின்தடையுடைய, பெயர் பெற்ற ஒரு நிறுவனத்தின் ஸ்டூடியோ மாடல் அது. உண்மையைச் சொல்ல வேண்டும்: அதில் ஈ தந்தி அப்படியே கேட்டது. திறந்த தந்தியிலிருந்து ஒவ்வொரு ஃபிரெட்டாக (கிட்டார்க் கழுத்தின் குறுக்கே உள்ள உலோகக் கம்பி) ஏறினால் ஒவ்வொரு சுரமும் அதே கனத்தில் நின்றது. இதைத்தான் தேடி வந்தேன் என்று அவரிடமே சொன்னேன்.

அவர் கிடங்கிலிருந்து பிளாஸ்டிக் உறை சுற்றிய ஒரு புதிய பெட்டியைக் கொண்டுவந்தார். அதையும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாமே என்றேன். அப்போது அவர் சொன்ன பதிலைத்தான் நான் இன்னும் மென்று விழுங்க முடியாமல் இருக்கிறேன். “சீல் பீஸ் சார். இங்கே உடைச்சா நாளைக்கு வாரண்டிக்குப் போறப்போ உங்களுக்குத்தான் கேள்வி வரும். வீட்ல சாமி படத்துக்கு முன்னாடி வச்சுப் பிரிங்க.” என் நன்மைக்காகச் சொல்கிறார் என்று யார்தான் நினைக்க மாட்டார்கள்? விலை 14,500 ரூபாய். ‘மியூசிஷியன் ரேட்’ என்று சொல்லி 13,800 ஆக்கினார். கணினி வேலை செய்யவில்லை என்றும், ஜிஎஸ்டி பில் மறுநாள் காலை வாட்ஸ்அப்பில் வந்துவிடும் என்றும் சொல்லி எஸ்டிமேட் சீட்டில் எழுதிக் கொடுத்தார். யுபிஐ மூலம் 13,800 ரூபாயைச் செலுத்திவிட்டு வந்தேன். அந்த பில் இன்றுவரை வரவில்லை.

வீட்டில் பிரித்தபோதே பசை வாடை மூக்கைத் துளைத்தது. செல்போனில் ஒரு பாட்டைப் போட்டதும் ‘தும் தும்’ என்று அடித்தது. மனைவிகூட நன்றாகத்தானே இருக்கிறது என்றாள். கிட்டாரை இணைத்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. டி, ஜி தந்திகளின் சுரங்கள் மட்டும் உப்பிக்கொண்டு வந்தன. ஈ தந்திக்கு இறங்கினால் சுரம் கரைந்து வெறும் முனகலாகிவிட்டது. இடப்பக்கத்தில், ஐந்தாம் ஃபிரெட்டுக்குக் கீழே கொஞ்சம் அழுத்தி வாசித்தாலே காகிதம் கிழிவதுபோல ஓர் இரைச்சல் எழுந்தது. திரைப்பாடலைத் ‘தும்’ என்று ஒலிக்கவைக்க 100 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியைத் தூக்கிவிட்டால் போதும். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை என்பது பாட்டுக் கேட்பவருக்குத் தெரியவே தெரியாது. பேஸ் வாசிப்பவனுக்கு முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும். காட்டியது ஒன்று, கட்டிக் கொடுத்தது வேறொன்று.

எங்கள் குழுவின் ஒலி அமைப்பாளர் மல்டிமீட்டரை எடுத்துவந்து பிளக்கின் முனைக்கும் அடிப்பகுதிக்கும் இடையே வைத்தார். பெட்டியில் 80 ஓம் என்று அச்சிட்டிருக்கிறது. மீட்டர் இடப்பக்கத்துக்கு 29, வலப்பக்கத்துக்கு 33 காட்டியது. அச்சிட்ட எண்ணைவிட மீட்டர் சற்றுக் குறைத்துக் காட்டுவது இயல்புதான் என்றாலும் பாதிக்கும் கீழே போகாது. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். இறக்குமதி செய்தவர் பெயரோ முகவரியோ அதிகபட்ச விற்பனை விலையோ எங்கும் இல்லை. வரிசை எண்ணை அந்த நிறுவனத்தின் இந்திய விநியோகஸ்தருக்கு அனுப்பினேன். அப்படி ஓர் எண் தங்கள் இறக்குமதியில் இல்லை என்று மரியாதையாக ஒரு வரியில் பதில் வந்தது.

இனி கடைக்காரர்களின் பதில்களைக் கேளுங்கள். முதலில், புது ஹெட்போன் அப்படித்தான் இருக்கும், ஐம்பது மணி நேரம் பாட்டு ஓடவிட்டால் ‘லூஸ்’ ஆகிவிடும் என்றார் அதே விற்பனையாளர். அடுத்து, ஆம்பில் பேஸைக் குறைத்து வைத்து வாசிக்கச் சொன்னார். பேஸ் வாசிப்பவனிடம் பேஸைக் குறைக்கச் சொன்ன முதல் பேஸ் வாசிப்பாளர் இவராகத்தான் இருப்பார். பின்பு, 80 ஓம் என்பதால் என் சிறிய ஆம்ப் அதை இழுக்கவில்லை என்றார். மீட்டர் காட்டிய எண்ணைச் சொன்னதும், பேசிக்கொண்டிருக்கும்போதே இணைப்பு துண்டிக்கப்பட்டது. அதன் பிறகு உரிமையாளர் மதுரைக்குப் போயிருந்தார், வந்ததும் கூப்பிடுவார், கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பிய படங்களுக்கு நீலக் குறி மட்டும் விழுந்தது.

நேற்று நேரில் போனபோது மதுரைக்குப் போனவர் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், “சீல் உடைச்சாச்சே சார், இனிமே எப்படி எடுக்கறது?” என்றார். கடையில் உடைக்காதீர்கள் என்று சொன்னவர் பத்தடி தள்ளி நின்று ஓர் அகௌஸ்டிக் கிட்டாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை. தொழிலில் ஏமாற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஆனால் விரல் காய்ப்பைக் காட்டி ஏமாற்றியது எனக்கு இன்னும் ஆறவில்லை. பில் தராமல் இருப்பதையும், பில்லில் காலவரம்பு குறிப்பிடாதபோது குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதையும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்றே சொல்கிறது என்றேன். உரிமையாளர் சிரித்துக்கொண்டே, “பில்லே இல்லையே சார், எதைக் காட்டுவீங்க?” என்றார். சுற்றி நின்ற வாடிக்கையாளர்கள் திரும்பிப் பார்த்ததும் குரலைத் தணித்து, இன்னும் 2,200 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் வயர்லெஸ் ஹெட்போன் ஒன்றை மாற்றித் தருவதாகச் சொன்னார். ஏற்கெனவே போன 13,800 ரூபாய்க்கு மேல் இன்னும் 2,200! சில வரவேற்புக் கச்சேரிகளில் நள்ளிரவுவரை நின்று வாசித்துச் சேர்த்த பணம் இது.

யுபிஐ ரசீதில் கடையின் பெயரும் 13,800 என்ற தொகையும் தெளிவாக இருக்கின்றன. எஸ்டிமேட் சீட்டு, மீட்டர் காட்டிய அளவின் படம், விநியோகஸ்தரின் பதில் ஆகியவற்றை வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் இன்று காலை புகார் பதிவு செய்துவிட்டேன். இதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் ரூபாய்வரை உள்ள வழக்குக்கு அங்கே கட்டணம் கிடையாது.

விரிவாகச் சொல்வதாக எழுதியிருந்தேன். கை ஓடவில்லை, அவசரத்துக்கு இவ்வளவு மட்டும். கொக்கியில் தொங்குவதில் வாசித்துவிட்டுப் பெட்டியில் இருப்பதை வாங்காதீர்கள். நீங்கள் எடுத்துப்போகப் போகும் அதே ஹெட்போனில் உங்கள் கிட்டாரின் திறந்த ஈ தந்தியை வாசித்துக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள், சீல் உடைந்தால் உடையட்டும். பின்புறம் மூடிய வகைதான் வேண்டும். திறந்த வகையில் வாசிப்பது பக்கத்தில் படுத்திருப்பவருக்குக் கேட்கும், மின்விசிறிச் சத்தம் உங்களுக்குக் கேட்கும். கண்ணாடி அணிபவர்கள் கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள், காதோரம் இடைவெளி விழுந்தால் முதலில் போவது தாழ்ந்த சுரம்தான். ஒரே மாடல் வெவ்வேறு ஓமில் வரும். பேயர்டைனமிக் டிடி 770 புரோ 32, 80, 250 என்று மூன்றாகக் கிடைக்கிறது, 250 ஓம் சிறிய பயிற்சி ஆம்பில் முனகும். பெட்டியில் இறக்குமதியாளர் முகவரி இல்லையென்றால் அப்படியே வைத்துவிட்டு வாருங்கள். எஸ்டிமேட் சீட்டுக்குப் பணம் செலுத்தாதீர்கள்.

வயர்லெஸ் வேண்டவே வேண்டாம். புளூடூத் வழியாக வரும் ஒலி பெரும்பாலும் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் மேலாகத் தாமதிக்கும். பாட்டுக் கேட்கும்போது அது உறைக்காது, ஆனால் தந்தியை மீட்டிய பிறகு சுரம் பின்னால் வந்து சேர்ந்தால் தாளத்தோடு ஒரு வரிகூட வாசிக்க முடியாது. எனக்குத் தருவதாகச் சொன்ன அந்த வயர்லெஸ் ஹெட்போன் இன்னும் அந்தக் கல்லா மேசையில்தான் இருக்கிறது. ‘மியூசிஷியன் ரேட்’ என்று சொல்லி அதை அடுத்து வருகிறவர் தலையில் கட்டத்தான் பார்ப்பார்கள்.